ஏணியக்காவின் முழங்கால்

நூலகத்தில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்பவளுக்கு ஏணியக்கா என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. ஆறடிக்கு மேல் ஒரு விரல்கடை வளர்ந்தவள். மேல் தட்டுப் புத்தகத்தை எடுக்க அங்கே நிஜமாகவே ஒரு மர ஏணி உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதற்கு ஓய்வுதான். அவளுடைய கணவர் தையல்காரர், அவள் தோள் உயரம். இரண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடந்தால் பார்க்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அதைப் பற்றி இருவரில் யாரும் சட்டை செய்ததில்லை.

கோடை விடுமுறை தொடங்கும் வாரம் அவள் ஒரு தாள் அச்சடித்துக் கொடுப்பாள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் என்ன செய்வது என்று முழி பிதுங்கி நிற்கும் குடும்பங்களுக்காக அந்தத் தாள். எங்கே போகலாம், என்ன படிக்கலாம், கையில் என்ன கொண்டுபோக வேண்டும், எல்லாம் இருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பத்தி எழுதுவாள். ஒன்று பிள்ளைகளுக்கு, மற்றது பெற்றவர்களுக்கு. பிள்ளைகளை மட்டும் கவனித்துவிட்டு, கூடப் போகிற பாவப்பட்ட ஜென்மங்களை மறந்துவிடக் கூடாது என்பது அவள் கட்சி.

அந்தத் தாளுக்கு அப்படியொரு மரியாதை. "ஏணியக்கா போட்டிருந்தா கண்ண மூடிட்டுப் போகலாம்" என்பார்கள். காரணமும் இருந்தது. தன் கால் படாத இடத்தை அவள் எழுதமாட்டாள். பூங்காவின் கழிப்பறையை மோந்து பார்ப்பாள். சறுக்குமரத்தில் தானே சறுக்குவாள். அந்த உடம்போடு அவள் சறுக்கிவருவதைப் பார்க்கவே கூட்டம் கூடும். கூடட்டுமே, அவளுக்கென்ன?

போன வருடம் முதல்முறையாக ஓர் ஓடையைச் சேர்த்தாள். ஊருக்கு வெளியே, மணல் அடி, தெளிந்த தண்ணீர். ஆடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இக்கரையிலிருந்து அக்கரைவரை நாலு தடவை நடந்தாள். எங்கும் முழங்காலைத் தாண்டவில்லை. இந்த வருடமும் போய் அதேபோல் நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினாள்: "பிள்ளைகளுக்கு: முழங்கால் அளவுத் தண்ணீர். உட்கார்ந்தே விளையாடலாம். பெற்றவர்களுக்கு: கரையில் நல்ல நிழல். புத்தகம் கொண்டுபோங்கள். பயமில்லாமல் படிக்கலாம்."

தாளைக் கொடுத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை, வீட்டின் முன்னறையில் இருந்த தையல் கடையில் அவள் நோட்டும் பேனாவுமாக நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி தன் நாலு வயது மகனைக் காற்சட்டைக்கு அளவெடுக்கக் கூட்டிவந்திருந்தாள். தையல்காரர் மண்டியிட்டு நாடாவைப் பிடித்து அளவு சொல்ல, இவள் எழுதிக்கொண்டாள்.

"முழங்கால்லேருந்து தரை பதினொண்ணு. எழுதிட்டியா?"

"ம்."

"என்னடா நெளியிற? நேரா நில்லு ராசா, இன்னும் ஒரே ஒரு அளவு."

ராசா நிற்கவில்லை. சலித்துப்போய், சப்பென்று தரையில், அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். பையனின் மூக்கு அவள் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. பேனா கையிலிருந்து விழுந்தது.

"என்னங்க, என் முழங்கால் எவ்வளவு?"

"இப்ப எதுக்கு?"

"சொல்லுங்கன்னா!"

மனைவியின் அளவு அவருக்கு மனப்பாடம். "தரையிலேருந்து இருபத்தொண்ணு. ஏன், உடம்புக்கு என்ன பண்ணுது? முகமெல்லாம் வெளுத்துப்போச்சே?"

உட்கார்ந்தே விளையாடலாம். தன் கையால் எழுதியிருந்தாள். எல்லா இடத்தையும் நேரில் பார்த்து எழுதுகிறேன் என்று பீற்றிக்கொண்டவள், அளந்தது யார் காலால் என்று ஒரு நொடி யோசித்தாளா? நானூறு தாள் வெளியே போய்விட்டது. யார் வீட்டுக்குப் போயிருக்கிறது, யார் இன்றைக்கே கிளம்பியிருக்கிறார்கள், யாரைக் கூப்பிட்டுச் சொல்வது? ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இன்று சனிக்கிழமை, வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஓடைக்குப் போக இதைவிட நல்ல நாள் கிடையாது.

"வண்டிய எடுங்க" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

ஸ்கூட்டரின் பின்னால் அவள் உட்கார்ந்தால் முழங்கால்கள் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். மற்ற நாளானால் அதற்கே நாலு பேர் சிரித்திருப்பார்கள். போகிற வழியில் விஷயத்தைச் சொன்னாள். பேச்சுக்குப் பேச்சு கேலி செய்யும் அந்த மனிதர் வண்டியை இன்னும் விரட்டினார். அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டே வந்தது. கழற்றி வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

ஓடைக்கரையில் ஐந்தாறு குடும்பங்கள். பாய் விரித்து, பை பரப்பி, மர நிழலில் பெற்றவர்கள் சாய்ந்திருந்தார்கள். ஒரு தாய் புத்தகத்தில் மூழ்கிக் கிடந்தாள். அதன் முதுகில் நூலக முத்திரை. தாளில் சொன்னபடி, வரிக்கு வரி, எல்லாரும் கேட்டு நடந்திருந்தார்கள்.

தண்ணீர் ஓரத்தில் ஒருவர் மட்டும் நின்று கத்திக்கொண்டிருந்தார். ஓடையின் நடுவே அவருடைய ஐந்து வயது மகள், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதபடி நின்றாள்.

"உக்காரு! ஒண்ணும் ஆகாது. எத்தனை தடவை சொல்றது? பயந்தாங்கொள்ளி! உக்காந்தே விளையாடலாம்னு அதுல எழுதியிருக்கு பாரு!"

சிறுமி அப்பா சொன்னதற்குப் பணிந்து மெல்ல முட்டியை மடக்கினாள்.

"உக்காராத!"

அந்த அலறலில் கரையே தூக்கிவாரிப் போட்டு எழுந்தது. ஏணியக்கா செருப்போடு தண்ணீரில் பாய்ந்தாள். நாலே எட்டு. சிறுமியின் முகம் அமிழ்ந்து, முடி மேலே மிதக்கத் தொடங்கிய நேரத்தில் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். குழந்தை இருமியது, துப்பியது, பிறகு அவள் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது. தண்ணீர் ஏணியக்காவின் முழங்காலைத் தொட்டுக்கொண்டு ஓடியது, எழுதியிருந்தபடியே, ஒரு இஞ்ச் கூடக் குறைய இல்லாமல்.

"எல்லாரும் பிள்ளைங்கள வெளிய எடுங்க! நான் தப்பா எழுதிட்டேன்! எடுங்க!"

அடுத்த நிமிடம் ஓடையில் ஒரு பிள்ளை இல்லை. புத்தகம் படித்த தாய் மகனை மடியில் போட்டுக்கொண்டு தலையைத் துவட்டினாள். படித்த புத்தகம் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. எடுக்க யாரும் போகவில்லை.

சிறுமியின் தகப்பனார் ஒன்றும் புரியாமல் தாளை நீட்டினார். "என்னம்மா இது? முழங்கால் அளவுன்னுதானே போட்டிருக்கு?"

தையல்காரர் நாடாவைக் கழற்றித் தண்ணீரில் இறக்கி எடுத்து, ஈரத்தின் மேல் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். "இருபத்தொண்ணு. அது இவளோட முழங்கால், சார்."

தகப்பனார் நாடாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"போன வருஷமும் வந்தோம்மா. அப்பவும் உக்கார மாட்டேன்னு ஒரே அழுகை. வம்பு பண்றாளேன்னு நினைச்சு, நான்தான் தோளப் பிடிச்சு அழுத்தி உக்கார வெச்சேன். எழுந்து ஓடி வந்தா. முதுகுல ரெண்டு வெச்சேன்."

போன வருடம். அதற்கும் தாள் எழுதியது ஏணியக்காதான். குழந்தையை இன்னும் சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

குழந்தை அவள் தோளிலிருந்து முகத்தைத் திருப்பியது. அழுகை நின்றிருந்தது. ஒரு விரலை எடுத்துத் தன் மூக்குக்கு மேலே, இரண்டு கண்ணுக்கும் நடுவில் வைத்துக்கொண்டது.

"இதுவரைக்கும் தண்ணி வந்துச்சுன்னு அப்பவே வீட்ல சொன்னேனேப்பா" என்றது. "அந்தப் பேப்பர்ல அப்படி இல்லைன்னு சொன்னீங்க."