முப்பது சென்டி இறங்கிய பிச்சைக்காரர்கள்

செல்வி, குமரா, துபாயில் அப்பா என்ன பார்த்தேன் என்று கேட்டிருந்தீர்கள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அஜ்மானில் நாங்கள் தங்கியிருக்கும் கேம்பிலிருந்து கிளம்பினோம். துபாய் சத்வாவுக்கு முப்பது கிலோமீட்டர்தான். போய்ச் சேர எட்டேகால். வழியில் ஒரு திர்ஹத்துக்கு டீ. அங்கே ஒரு மேடத்தின் பெரிய வீட்டில் மாலை ஐந்து மணிக்குப் படக் கண்காட்சி. படங்களை மாட்டுவது எங்கள் டூட்டி.

"மேடம் ஒரு கம்ப்ளெயின்ட் சொன்னாலும் உன் லீவு காலஸ், முடிஞ்சுது, முருகேசா" என்று வண்டியிலேயே சொல்லிவிட்டார் ஃபோர்மேன் காசிம் பாய். அடுத்த மாதம் ஊருக்கு வர அவர் கையெழுத்து வேண்டும்.

முக்கியமான படத்தைத் தூக்க நாலு பேர், கயிறு, கம்பளி எல்லாம் கொண்டுபோயிருந்தோம். பெட்டியைத் திறந்தால் போஸ்ட் கார்டு அளவு. ஐரோப்பாவில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செப்புத் தகட்டில் கீறி அச்சடித்ததாம். ஒரு வீட்டு வாசலில் பிச்சைக்காரக் குடும்பம். மரக்கால் வைத்த அப்பா, முதுகில் குழந்தையைக் கட்டிய அம்மா.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து நூற்றைம்பது சென்டிமீட்டரில் இருக்க வேண்டும் என்பது மேடம் சட்டம். என் டேப்பில் முதல் முப்பது சென்டி ஒடிந்துபோய் நாளாச்சு. அதனால் நூற்றெண்பதில் கோடு போட்டால்தான் சரியாக வரும். எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் போட்டேன். இதில் மட்டும், நான் கிளம்பும்போது குமரன் இருந்த அளவுக்கே அந்தக் குழந்தை இருந்ததைப் பார்த்துக்கொண்டே நூற்றைம்பதில் ஆணி அடித்துவிட்டேன்.

நாலரைக்கு காசிம் பாய் பார்த்தார். "என்னடா, பிச்சைக்காரங்கள உக்கார வச்சுட்ட?"

"மாத்திடுறேன் பாய்."

"ஓட்டைய அடைச்சு பெயிண்ட் காயுறதுக்குள்ள ஆளுங்க வந்துருவாங்க. உன் லீவு மாஃபி, கெடையாது."

ஐந்து மணிக்கு மேடம் வந்தார். படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வாயைத் திறப்பதற்குள் விருந்தாளிகள் நுழைந்துவிட்டார்கள். கோட்டு போட்ட உயரமான ஒருவர் படத்தின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் வரிசையே குனிந்தது.

"எல்லாவனும் பிச்சைக்காரனுக்கு சலாம் போடுறான்டா" என்று காசிம் பாய் என் காதில் சொன்னார்.

மேடம் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார்: ஏழைகளின் முன்னால் தலை குனிய வேண்டும் என்று யோசித்துத்தான் தாழ்வாக மாட்டச் சொன்னாராம். எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பும் வழியில், ஷார்ஜா டிராஃபிக்கில், காசிம் பாய் லீவு ஃபாரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "நானும் யோசிச்சுத்தான் போடுறேன்" என்றார்.

அந்த டேப்பையும் கொண்டுவருகிறேன். இரண்டு பேரும் சுவரை ஒட்டி நில்லுங்கள். டேப் காட்டுவதில் முப்பதைக் கழித்துத்தான் எழுதுவேன். அப்படியும் நான் விட்டுவந்த உயரத்துக்கு இறங்கிவர மாட்டீர்கள்.