மழை லீவும் ஒரு மண்குடமும்

போன வாரம் குழந்தைகள் தினம். காலை ஆறு மணி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே, சாமி படத்துக்கு முன்னால் என் பிள்ளைகள் இரண்டு பேரும் கைகூப்பிக் கண்ணை மூடி நிற்கிறார்கள். அடடா, என்ன பக்தி! காப்பி டம்ளரோடு மெல்லப் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன்.

"சாமி, இன்னிக்கி ஸ்கூலுக்கு லீவு வுட்டுடு." இது கவின். ஐந்து வயது, யு.கே.ஜி.

"சாமி, அவன் சொல்றத கேக்காத. ப்ளீஸ்!" இது நிலா. ஏழு வயது, இரண்டாம் வகுப்பு.

உலகத்திலேயே மழை லீவு வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட முதல் குழந்தை என் மகளாகத்தான் இருக்கும். கின்னஸுக்கு எழுதிப் போடலாமா?

இந்த வீட்டில் புரட்டாசி பிறந்தால் காலண்டர் சுவரில் தங்காது. காலாண்டு லீவு எத்தனை நாள், ஆயுத பூஜை என்ன கிழமை, தீபாவளி போயும் போயும் ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைக்குமா... கீழே இறக்கி வைத்துக்கொண்டு இரண்டும் ஆராய்ச்சி பண்ணும். பொரி தீர்வதற்குள் பட்டாசு வந்துவிடும். பட்டாசு காய்வதற்குள் மழை வந்துவிடும். மழை வந்துவிட்டால் கலெக்டர் லீவு விட்டாரா என்பதுதான் விடிந்ததும் முதல் பேச்சு.

அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி மட்டும் ஏன் கட்சி மாறினாள்? காரணம் இருக்கிறது.

பிள்ளைகளின் பள்ளி உத்திரமேரூரில். எங்கள் கிராமத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடங்களில் எந்த விழா என்றாலும் இரண்டு ஐட்டம் நிச்சயம். ஒன்று வரவேற்பு நடனம், இன்னொன்று குடவோலை நாடகம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே தேர்தல் நடத்திய கதை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்களாம். கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நாடகம் போடாமல் சும்மா இருப்போமா?

"ஓலை எடுக்கற வேஷம் பசங்களுக்குத்தான்" என்று அவர்கள் மிஸ் சொன்னதும் என் மகள் எழுந்து நின்று கேட்டாளாம். "பொண்ணுங்க கை வுட்டா ஓலை வராதா மிஸ்?"

மிஸ் சிரித்துவிட்டார். வேஷம் இவளுக்கு. கூடவே, "குடம் உங்க வூட்டுப் பொறுப்பும்மா" என்று எனக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது.

மூன்று வாரம்! நான் ஒரு மண்குடம் வாங்கி, காவியும் சுண்ணாம்பும் அடித்து டிவி ஸ்டாண்டில் வைத்தேன். பனை ஓலையை நறுக்கிக் காயவைத்தோம். அவளுக்கு வசனம் ஒன்றே ஒன்று — "இதோ எடுத்துவிட்டேன், ஐயா!" குளிக்கும்போது, சாப்பிடும்போது, ஏன், தூக்கத்தில்கூட அதே வசனம். தோசைக்கல்லிலிருந்து தோசையை எடுத்தால் நானே அப்படிச் சொல்லுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

போன வருஷமும் குழந்தைகள் தினத்துக்கு வேஷம் கட்டினாள். கத்தரிக்காய். ஊதா கவுன், தலையில் பச்சைக் காம்பு, எல்லாம் போட்டுத் தயாராக நிற்கும்போது மழை லீவு அறிவித்துவிட்டார்கள். விழா ரத்து. 'இன்னொரு நாள் வைப்போம்' என்றார்கள். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. கத்தரிக்காயாகவே உட்கார்ந்து மத்தியானம் வரை அழுதாள் என் மகள். எனக்கும் அழுகை வந்தது, சமையலறையில் போய் அழுதேன்.

இப்போது புரிகிறதா, சாமி படத்துக்கு முன்னால் நடந்த போட்டி?

டிவியில் எழுத்து ஓட ஆரம்பித்தது. 'கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்ட மாவட்டங்கள்...' நிலா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மாவட்டமாகப் போகிறது. செங்கல்பட்டு வந்தது. போச்சு, அடுத்தது நாம்தான் என்று நினைத்தேன். வேறு மாவட்டம் வந்தது. அதற்கடுத்தும் வேறு. பட்டியல் முடிந்து திரும்ப முதலிலிருந்து ஓடியது. எங்கள் காஞ்சிபுரம் இல்லை!

"ஸ்கூல் கீது! ஸ்கூல் கீது!" என்று நிலா சோபா மேல் ஏறிக் குதித்தாள். கவின் சாமி படத்தை ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள்...

அவசர அவசரமாக இட்லி, தலைவாரல், வேஷ்டி கட்டல். எட்டேகாலுக்கு வேன் வரும். குடத்தோடு வாசலில் நின்றோம். எட்டரை ஆயிற்று, எட்டு நாற்பதும் ஆயிற்று. வேன் வரவில்லை. விழா ஒன்பதரைக்கு. நிலாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது.

வேன் ஓட்டும் ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் தண்ணீர் கொட்டுகிற இரைச்சல்.

"அண்ணா, எங்க கீறீங்க? வேன் வரலையே?"

"இன்னாம்மா, இன்னிக்கி லீவு தானே? டிவில போட்டாங்களே! எங்க ஏரி ரொம்பி வயிஞ்சிக்கினு கீது. பசங்களோட மீன் புடிச்சிக்கினு கீறேன். இன்னா மீனுன்ற!"

"ஐயோ அண்ணா! லீவு உங்களுக்கு! எங்களுக்கு இல்ல!"

"அதெப்படிம்மா? எல்லாம் ஒரே மாவட்டம் தானே?"

அங்கேதான் விஷயம். அண்ணன் வீடு மதுராந்தகம் பக்கம். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வயல்வெளியும் ஒரு எல்லைப் பலகையும். முன்பு எல்லாமே காஞ்சிபுரம்தான். மாவட்டத்தைப் பிரித்ததில் பலகைக்கு அந்தப் பக்கம் செங்கல்பட்டு, இந்தப் பக்கம் நாங்கள். பிரித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் மழைக்கும் மீனுக்கும் ஏழுமலை அண்ணனுக்கும் அது இன்னும் தெரியாது!

"பிரிச்சிட்டாங்க அண்ணா! செங்கல்பட்டுக்குத்தான் லீவு. காஞ்சிபுரத்துக்கு ஸ்கூல் கீது. நிலா குடத்தோட நிக்கறா!"

தண்ணீரிலிருந்து அவர் சளக் சளக்கென்று கரையேறுகிற சத்தம் கேட்டது.

"அடப் பேஜாரே! பாப்பாவோட டிராமா இன்னிக்கா? தோ... வந்துகினே கீறேம்மா!"

அவர் வரும்வரை சும்மா நிற்க முடியுமா? ஸ்கூட்டரை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஆறு மணிக்கே ஷிஃப்டுக்குப் போய்விட்டார். இருப்பது இந்த ஒரு வண்டிதான். முன்னால் குடம், பின்னால் நிலா, நடுவில் கவின். சரி, நான் எங்கே உட்காருவது? நனைந்த ஸ்கூட்டர் அந்தக் கவலையே வேண்டாம் என்று ஸ்டார்ட் ஆகவே மறுத்துவிட்டது.

ஒன்பதுக்கு வேன் வந்தது. என்ன காட்சி! மேலே காக்கிச் சட்டை, கீழே முழங்கால் வரை நனைந்த லுங்கி. பின் சீட்டில் அவருடைய பிள்ளைகள் இரண்டு பேர், மீன் வாளியோடு. "வூட்ல இவங்க அம்மா இல்லம்மா, தனியா வுட்டு வர முடில" என்றார். வாளிக்குள் மீன்கள் துள்ளுகின்றன. லீவு வேண்டிக்கொண்ட கவின் எல்லாவற்றையும் மறந்து வாளிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான்.

குடத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். வழியில் ஒவ்வொரு பிள்ளையாக ஏற்ற வேண்டும். வேன் வராததால் எல்லா வீட்டிலும் லீவு என்றே முடிவு கட்டியிருந்தார்கள். நாடகத்தில் ஊர்ப் பெரியவராக வரும் சஞ்சய் திரும்பப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டானாம். போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினார் அவன் அம்மா. பாதித் தூக்கத்தில் இருந்த பெரியவருக்கு ஓடும் வேனில் வெள்ளைத் தாடி ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டிற்று. பரவாயில்லை, ஆயிரம் வருஷத்துத் தாடி!

சாலை முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேன் மொத்தமும் ஒரே குரலில் "குடம்! குடம்!" என்று கத்துகிறது. அண்ணன் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு, பிரசவத்துக்குப் போகிற வண்டி மாதிரி ஓட்டுகிறார். உத்திரமேரூர் ஏரி நிரம்பி நிற்கிறது, கரையில் ஊரே கூடி செல்ஃபி எடுக்கிறது. எங்கள் வேனில் ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லாக் கண்ணும் என் மடியில்!

ஒன்பது ஐம்பதுக்குப் பள்ளி வாசல். குடையோடு நின்ற மிஸ் எங்களைப் பார்த்ததும், "வந்துட்டாங்க! குடம் வந்துடுச்சி!" என்று உள்ளே ஓடினார். எங்களுக்காக நாடகத்தைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்.

தகரக் கூரை போட்ட பெரிய ஹால். மேலே மழைச் சத்தம், கீழே பிள்ளைகள் சத்தம். மேடை நடுவில் என் காவிக்குடம். கோணல் தாடி சஞ்சய் ஓலைகளைப் போட்டுக் குலுக்கி, "குழந்தாய், வா! ஓர் ஓலை எடு!" என்றான். வேஷ்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நிலா வந்தாள். குனிந்தாள், கையை உள்ளே விட்டாள்.

கை வெளியே வரவில்லை.

இழுக்கிறாள். கையோடு சேர்ந்து குடமும் வருகிறது. திரும்ப உள்ளே விட்டு இழுக்கிறாள். ஊஹூம். ஒரு ஓலை எடுக்கச் சொன்னால், இருக்கிற சந்தோஷத்தில் என் மகள் கை நிறைய அள்ளிவிட்டாள்! மூடிய கை குடத்தின் வாயில் மாட்டிக்கொண்டது. ஹாலில் சிரிப்பு ஆரம்பித்தது. ஓரத்திலிருந்து மிஸ், கையை விரி என்று ஜாடை காட்டுகிறார்; அவள் பார்க்கவில்லை. கீழுதடு மடங்குகிறது. அது எனக்குத் தெரிந்த உதடு. அடுத்து அழுகைதான். போன வருஷம் போலவே இதுவும் போயிற்றே, கடவுளே... நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள். மூன்று வாரமாகப் படித்த செந்தமிழ் வசனம் எங்கே போயிற்றோ, கணீரென்று சொன்னாள்.

"கொஞ்சம் இருங்க! நல்லவங்களா பாத்து தேடிக்கினு கீறேன்!"

பிறகு வந்தது பாருங்கள் சிரிப்பு! தகரக் கூரையில் அடித்த மழை எங்கே போனதென்றே தெரியவில்லை. பெற்றோர்கள், டீச்சர்கள், வாசலில் லுங்கியோடு நின்ற ஏழுமலை அண்ணன் எல்லாரும் கைதட்டி விசில் அடிக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் பயம் தெளிந்து நிலா கையை விரித்தாள். மற்ற ஓலைகள் உள்ளே விழுந்தன. ஒன்றே ஒன்றைப் பிடித்து வெளியே எடுத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நான் அழுதேன். இந்த முறை சமையலறைக்குப் போகவில்லை, எல்லார் முன்னாலும் அழுதேன்.

"எப்படிடி உனக்கு அப்படிச் சொல்லத் தோணிச்சு?" என்று கட்டிக்கொண்டு கேட்டேன்.

"கை மாட்டிக்கிச்சும்மா. வேற இன்னா சொல்றது?"

பாவம், அவளுக்குத் தெரியாது... ஓட்டுப் போடும்போது ஒரு நிமிஷம்கூடத் தேடாத நாங்கள்தான் அங்கே எழுந்து நின்று கைதட்டியவர்கள்.