அக்கா பேரம் பேசி வாங்கிய வீடு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உங்களில் அவர் கையால் சாப்பிடாதவர்கள் குறைவு. ஆனாலும் நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசி மாதங்களில் அக்காவே இந்த மலரைப் பற்றிப் பேசினார்.

"ஒழைச்சா, சேத்து வச்சா, வீடு வாங்குனான்னு எல்லாருக்கும் எழுதுற மாதிரி எனக்கு எழுதிப்புடாத தம்பி. அந்த வீட்டை எப்படி வாங்குனேன்னு எழுது. அது முடியாதுன்னா போட்டோவ மட்டும் போட்டு விட்டுரு" என்றார்.

அதனால் எழுதுகிறேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். இதில் வரும் பழி அக்காவுக்கு மட்டும் உரியதல்ல. அன்று அவரைப் புகழ்ந்த நாங்கள் எல்லோரும் அதில் பங்குள்ளவர்கள்.

அக்கா பிறந்தது இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தாயகம் திரும்பச் சொல்லி அப்பாவையும் அம்மாவையும் கப்பலேற்றியபோது அக்கா விவரம் தெரிந்த சிறுமி, நான் கைக்குழந்தை. கொடைக்கானலுக்கு வந்து அப்பா மரம் வெட்டப் போனார், அம்மா தோட்ட வேலைக்குப் போனார். ஊரில் எங்களுக்கு 'சிலோன்காரங்க' என்று பெயர்.

எங்கள் குடும்பத்துக்குச் சொந்த வீடு எவ்வளவு பெரிய ஆசை என்பதைச் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். மலையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஏப்ரல் மாதம் வந்தால் வீடு கையில் நிற்காது. சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு விட்டால் ஒரு வாரத்திலேயே ஆறு மாத வாடகை கிடைத்துவிடும் என்பதால், வீட்டுக்காரர்கள் எங்களைக் காலி செய்யச் சொல்வார்கள். சட்டி பானைகளைத் தெரிந்தவர்கள் கொட்டகையில் அடுக்கிவிட்டு, மழை தொடங்கும் வரை யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்வோம். ஒருமுறை நாங்கள் இருந்த அறையின் ஜன்னலோரம் யாரோ ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை, பாய் எடுக்கப் போன அக்கா வெளியே நின்று பார்த்திருக்கிறார். அதை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

அப்பா காலமானதும் அக்கா படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, சமையலறைப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. என்னைப் படிக்க வைத்தார். அதே பள்ளியில் தோட்ட வேலை பார்த்த அத்தானை மணந்தார். ஒரே மகள், எங்கள் மருமகள் கவிதா.

விடுதிக்குக் காய்கறி வாங்குவதும் அக்கா பொறுப்புதான். கிளாவரைப் பக்கமிருந்து கேரட்டும் பூண்டும் கொண்டுவரும் விவசாயிகள் அவரைக் கண்டால் சிரித்துக்கொண்டே தலையில் கை வைப்பார்கள். நல்ல மூட்டையிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார். "நுனி கருத்துக் கெடக்கு பாருங்க" என்று ஆரம்பித்தால் விலை இறங்காமல் விடமாட்டார். பள்ளிக்கு மிச்சம் செய்து கொடுத்தார் என்று நிர்வாகம் பாராட்டியது. நாங்களும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அத்தான் இறந்து, அக்காவும் ஓய்வு பெற்றபோது, குளிர் அவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கீழே பழனியில் வீடு பார்க்கலாம் என்று முடிவானது. கொரோனா அடங்கிய சமயம் அது. ஆயக்குடிப் பக்கம் கொய்யாத் தோப்பை அழித்துப் போட்ட புதிய மனைப்பிரிவு ஒன்று. முகப்பில் பெரிய வளைவு இருந்தது. உள்ளே போனால் பாதி மனைகளில் முள்செடி. பூங்கா வரும் என்றார்கள், பேருந்து வரும் என்றார்கள், எதுவும் வரவில்லை. கட்டிய வீடுகளில் பலவற்றின் கேட்டில் 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்கியது. கேட்பார் இல்லை.

"இப்ப வாங்குனாத்தான்க்கா உண்டு. விக்கிறவன் கழுத்து வரைக்கும் தண்ணியில நிக்கிறான்" என்றார் தரகர். அந்தப் பேச்சு அன்று எங்களுக்கு உறுத்தவில்லை.

நாங்கள் பார்க்கப் போன வீடு முருகேசன் என்பவருடையது. சொந்தமாகச் சுற்றுலா வேன் வைத்து, பழனிக்கு வருகிறவர்களைக் கொடைக்கானலுக்கு ஏற்றிச் சென்று காட்டி வந்தவர். நோய்க்காலத்தில் மலைப்பாதையை அடைத்ததும் வண்டி நின்றது. தவணை நிற்கவில்லை. முதலில் வேனை விற்றார். பிறகு இந்த வீடு.

அவர் மனைவி மல்லிகா எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தார். அக்கா தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"அடுப்படி இருட்டாக் கெடக்கே."

"ஜன்னலத் தொறந்தா நல்லா வெளிச்சம் வரும்க்கா" என்று மல்லிகா ஓடிப் போய்த் திறந்தார். வெளிச்சம் வந்தது. அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த சுவரில் கையை வைத்தார்.

"சுவத்துல ஈரம் ஏறியிருக்கு. அடுத்த மழைக்குப் பூச்சு பேந்து விழுந்துரும். இதுக்குப் போயி இந்த வெல சொல்றீங்க?"

"ஈரமில்லக்கா. இப்பத்தான் ஏனம் கழுவுனேன், தண்ணி தெறிச்சிருக்கு."

"விக்கிறவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. சுத்தி எத்தனை வீட்டுல அட்டை தொங்குது, பாத்துட்டுத்தான வந்தோம். நாங்க இப்பிடியே எந்திரிச்சுப் போனா வேற யாரு வரப் போறா?"

காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு அக்கா சொன்னது இது. முருகேசன் மனைவியைப் பார்த்தார். மல்லிகா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முருகேசன், "சரிங்கக்கா. நீங்க சொன்னதுக்கே வச்சுக்கங்க. வெரசாப் பத்திரம் போட்டுருவோம், பேங்க்குல நெருக்குறாங்க" என்றார்.

திரும்பும்போது மெயின்ரோட்டில் ஏறிய பேருந்தில் தரகர் அக்காவின் வாய்ச் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

சாவி வாங்கப் போன நாளில் வீட்டை மல்லிகா கழுவித் துடைத்து வைத்திருந்தார். ஒவ்வொரு அறையாக அக்காவை அழைத்துப் போனார். "மோட்டார் சுச்சு ஒட்டிக்கிரும்க்கா, லேசாத் தட்டுனாச் சரியாயிரும். பின்கதவு மழைக்கு இறுகும், தூக்கித் தள்ளுங்க" என்று பிள்ளையைப் பிறர் வீட்டில் விட்டுப் போகிறவர் போலச் சொல்லிக்கொடுத்தார். அடுப்படிச் சுவர் காய்ந்து, வெள்ளையாக இருந்தது. அதை அக்கா பார்த்தார். மல்லிகாவும் பார்த்தார்.

பால் காய்ச்சுக்கு அவர்களையும் அழைத்திருந்தோம். அன்று நடந்ததுதான் எங்களை இன்றும் தலைகுனிய வைக்கிறது. வந்த சொந்தங்கள் எல்லாம் விலையைக் கேட்டு வாய் பிளந்தார்கள். சித்தப்பா நடு வீட்டில் நின்று, "வித்தவன் அழுதுக்கிட்டே குடுத்திருப்பான். புடுங்கிட்டாள்ல எம்மவ!" என்று சத்தமாகச் சொன்னார். கூடமே சிரித்தது. வாசலில் தாம்பாளத்தோடு மல்லிகா நின்றதை முதலில் கண்டவர் அக்காதான். மல்லிகா உள்ளே வந்தார். பழத்தையும் கற்கண்டையும் விளக்கின் முன் வைத்தார். "நல்லா இருங்கக்கா" என்றார். சாப்பிட இருக்கவில்லை. அக்கா பின்னாலேயே தெரு வரை ஓடினார். கூப்பிடாமலே திரும்பி வந்தார்.

முருகேசனும் மல்லிகாவும் அதே மனைப்பிரிவில், அடுத்த தெருவில், ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போயிருந்தார்கள். அந்தப் பகுதியில் எங்கே துளை போட்டாலும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் விழுந்தது இந்த வீட்டில் மட்டும்தான். மல்லிகா இருந்த காலத்தில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் இங்கேதான் பிடித்தார்களாம். அக்காவும் யாரையும் தடுக்கவில்லை. எல்லோரும் வந்தார்கள். மல்லிகா மட்டும் வரவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மெயின்ரோட்டுக் குழாய்க்கு நடந்தார். அதற்கு வழி இந்த வீட்டு வாசல்தான். அவர் வரும் நேரத்துக்கு அக்கா வாசலில் இருக்கமாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அக்கா அவர்கள் அறைக்கே போய்விட்டார். நானும் துணைக்குப் போனேன்.

"எம்மேல கோவமா, ஆத்தா?" என்று கேட்டார்.

மல்லிகா உட்காரப் பாய் போட்டார். "நீங்க வாங்கலேன்னா வேறொருத்தவுக வாங்கியிருப்பாக. வித்ததுக்குக் கோவமில்லக்கா, வெல கொறஞ்சதுக்கும் இல்ல. அந்தச் சுவர, கொத்தனாருக்கு நானே கலவை எடுத்துக் குடுத்து, நின்னு பூச வச்சேன். அதப் போயி ஈரம்னு சொன்னீங்க பாருங்க. அதுவும் நான் குடுத்த காப்பியக் குடிச்சுக்கிட்டே."

 அக்கா உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

மறு வாரம் பிளம்பரை அழைத்து, சுற்றுச்சுவருக்கு வெளியே தெருவைப் பார்த்து ஒரு குழாய் வைத்தார். யாரும் கேட்டைத் தட்டி, "பிடிச்சுக்கிடட்டுமா" என்று கேட்க வேண்டாம் என்பதற்காக. அப்போதும் மல்லிகா வரவில்லை. கோடையில் மெயின்ரோட்டுக் குழாய் வறண்ட பிறகுதான் வந்தார். கவிதா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அம்மா, அவங்க வந்திருக்காங்க, போய்ப் பேசும்மா" என்றாள். "வேணாம். நான் போய் நின்னா பிடிச்ச தண்ணியக் கவுத்துட்டுப் போயிருவா. பிடிக்கட்டும்" என்று அக்கா அடுப்படியிலேயே நின்றுகொண்டார்.

பிறகு காலம் மாறியது. பேருந்து வந்தது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் எழும்பியது. அட்டைகள் கேட்டுகளிலிருந்து இறங்கின. அக்கா வாங்கிய வீட்டை, வாங்கியதைப்போல இரு மடங்கு கொடுத்து எடுத்துக்கொள்ள ஆள் வந்தது. நாங்கள் மகிழ்ந்தோம். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "கொஞ்சம் பொறுக்க முடிஞ்சிருந்தா அந்தப் புள்ள வீடு அதுக்கிட்டயே இருந்திருக்கும்" என்றார்.

வீட்டின் ஓரம் காலியாகக் கிடந்த இடத்தை மல்லிகா பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், ஒரு அறை போட்டுக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தார். வீட்டில் நாங்கள் முணுமுணுத்தோம். அவர் கேட்கவில்லை. தெருக் குழாயடியில் வைத்து மல்லிகாவிடம் சொல்லிவிட்டார்.

மல்லிகா குடத்தைக் கீழே வைத்தார். "குடுக்கணும்னு நெனச்சீங்களே, போதும்க்கா. நான் அத வாங்கிக்கிட்டா நீங்க நிம்மதியா இருப்பீங்க. என்னால இருக்க முடியாது" என்றார்.

அதற்குமேல் அக்கா எதையும் கொடுக்க முயலவில்லை. ஆனால் அவர்கள் பேச்சு அன்றிலிருந்து அற்றுப்போகாமல் நடந்தது. வெயில், தண்ணீர், பேருந்து நேரம், இவ்வளவுதான் பேசினார்கள்.

விறகுப் புகையும் மலைக் குளிரும் சேர்ந்து அக்காவின் நுரையீரலை எப்போதோ அரித்திருந்தன. கடைசி மாதங்களில் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. காற்றோட்டத்துக்காகக் கட்டிலைக் கூடத்தில் போட்டிருந்தோம். செய்தி கேட்டு மல்லிகா வந்தார். பால் காய்ச்சு நாளுக்குப் பிறகு அந்த வாசற்படியை அவர் மிதித்தது அன்றுதான். சித்தப்பா, நான், கவிதா, இன்னும் சில உறவினர்கள் இருந்தோம்.

அக்கா கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சுவத்துல ஈரமில்ல மல்லிகா. அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

மல்லிகா அவர் முதுகுக்குத் தலையணையைச் சரிசெய்து வைத்தார். "எனக்கும் தெரியும்க்கா, தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு. நீங்க உங்க வாயாலச் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அதன்பின் சில நாட்களில், ஒரு நாள் விடியற்காலையில், அக்காவின் மூச்சு அடங்கியது.

அவரை மலையில் அத்தானுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். அன்று மலைப்பாதையில் விடாமல் மழை. நாங்கள் கேட்ட வண்டிகள் ஏற மறுத்தன. இப்போது இன்னொருவரின் வேனைக் கூலிக்கு ஓட்டும் முருகேசன், முதலாளியிடம் பேசி வண்டியைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தினார். மல்லிகாவும் ஏறிக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் அக்காவின் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தது கவிதாவும் அவரும்தான்.

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்த தெருவாசிகளுக்கும், இரவு பகலாகக் கூட இருந்த உறவினர்களுக்கும், மலையில் குழி வெட்டி மழையில் காத்திருந்த பள்ளிப் பழைய ஊழியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முருகேசன், மல்லிகா இருவரின் பெயரையும் இந்த வரிசையில் சேர்ப்பதற்கு முன் அவர்களிடம் அனுமதி கேட்டோம். இந்தக் கட்டுரையை முழுதாகப் படித்துக் காட்டினேன். முருகேசன் மனைவியைப் பார்த்தார். மல்லிகா, "நடந்ததத்தான எழுதியிருக்கீங்க, போடுங்கண்ணே" என்றார். அவர்கள் இன்னும் அதே வாடகை அறையில்தான் இருக்கிறார்கள். அதை எழுதாமல் விட்டால் அக்கா சொன்னதை நான் பாதிதான் செய்தவன் ஆவேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் வண்டியருகே நின்றோம். ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த முருகேசனிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டேன். முதலாளிக்குச் சேர வேண்டியது, தன் கூலி என்று பிரித்து ஒரு தொகை சொன்னார். வழக்கமாக எங்கள் குடும்பத்தில் இந்த இடத்தில் யாராவது ஒருவர் வாயைத் திறப்பார். சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் கவிதாவைப் பார்த்தேன். முருகேசன் சொன்னதை அப்படியே கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினோம்.