விலைச்சீட்டுக் கழற்றாத ஜாக்கெட்

ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவில் இருந்தபோதுதான் அந்தப் படம் என் போனில் வந்து விழுந்தது. இங்கே கியூபெக்கில், ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்ய்யில் இருக்கும் அலுவலகத்துக்கு நான் தினமும் போகும் மஞ்சள் தடம். தலைக்கு மேலே அவ்வளவு பெரிய ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழேயும் இப்போது சிக்னல் கிடைக்கிறது. படத்தில் ஒரு செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட். நிலக்கீழ் அறைச் சுவரில், ஓர் ஆணியில், விலைச்சீட்டுகூடக் கழற்றாமல் தொங்குகிறது. கீழே என் சிநேகிதி ஜெனி எழுதியிருந்தாள்: "அப்பான்ரை. நாங்கள் கனூ காம்ப் போனதுக்கு அடுத்த வருசம் வாங்கினவராம். எங்களோடை வர."

லொங்குய்ய் கடைசி நிலையம் என்பதால் தப்பினேன். இடையில் இறங்குகிறவளாய் இருந்திருந்தால் அன்றைக்கு எங்கேயோ போய்ச் சேர்ந்திருப்பேன். படிக்கட்டு ஏறி வெளியே வருவதற்குள் யோசனை வந்துவிட்டது: ஜெனியின் அப்பா யூட் அங்கிளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதே ஏரிக்கு. இந்தக் கோடையிலேயே. எனக்கு ஒரு யோசனை வந்தால் அது கால் செருப்பைக்கூட மாட்ட விடாது, என்னைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் இந்த முறை அந்த அவசரத்துக்குப் பின்னால் வெட்கமும் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் அப்போது இளையோர் குழு ஒன்று இருந்தது. கோயிலுக்குக் கீழே உள்ள மண்டபத்தில் கூடுவோம். அந்த மண்டபத்தின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது: தரைக்குப் போடும் மெழுகு, பெரிய உருளையில் கொதிக்கும் தேநீர், யாரோ ஒருவரின் ஈரச் சப்பாத்து. நான் சிஜெப் மாணவி, பள்ளி முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் கல்லூரி அது. உலகத்தைத் திருத்துவதற்கு என்னிடம் நேரம் இருந்தது. அருள் அண்ணை குழுவின் தலைவர், பள்ளிக்கூடத்தில் கனூ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டப் பழகியவர். காட்டுக்குள் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவோம் என்று அவர்தான் தொடங்கினார். பெண் பிள்ளைகளும் வர வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றது நான்.

பெண் பிள்ளைகள் சொந்தக்காரர் வீடு தவிர வேறெங்கும் இரவு தங்கியதில்லை. அதனால் எல்லாம் ஜெனியின் அப்பாவில் வந்து நின்றது. யூட் அங்கிள் மன்னார் ஆள், பேக்கரி ஒன்றில் வேலை, டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் வீடு. அவர் விட்டால் மற்றவர்களும் விடுவார்கள். நாங்கள் நாள்கணக்காய் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனோம். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"போய்ச் சேர்ந்த உடனை ஒரு மிஸ்ட் கோல் குடுங்கோ."

எங்கள் வீடுகளில் அது ஒரு சட்டம். டொரொன்ரோவுக்குப் போனாலும் சரி, பனிக்குள் ஜான்-டலோன் சந்தைக்குப் போனாலும் சரி, போய்ச் சேர்ந்ததும் அடித்துவிட்டு வெட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் எடுக்க மாட்டார்கள். மணி அடித்தால் சுகமாய்ச் சேர்ந்தாயிற்று, அடிக்காவிட்டால்தான் ஏதோ பிழை.

"அங்கிள், அங்கை சிக்னல் இல்லை," என்று அருள் அண்ணை சொன்னார்.

"ஓமோம். ஒரு மிஸ்ட் கோல் காணும்," என்றார் அவர்.

சிக்னல் இல்லாத இடம் கனடாவில் இருக்கும் என்று அவர் நம்பவில்லை போலும். நாங்களும் விளங்கப்படுத்தவில்லை. அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் படியிறங்கி ஓடிவிட்டோம்.

சாமான் கட்டியது தனிக் கதை. ஜெனியின் அம்மா ரைஸ் குக்கர் கொடுத்துவிட்டா. அலுமினியத் தட்டங்களில் ரோல்ஸ், கட்லட், ஒரு கல்யாணத்துக்குக் காணும் அளவு. முதல் ஏரியைக் கடந்ததும் அடுத்த ஏரிக்குக் காட்டுப் பாதையால் நடக்க வேண்டும், கனூவைத் தலைக்கு மேலே கவிழ்த்துச் சுமந்துகொண்டு. பெடியங்கள் கனூவோடு போக, நான் ரைஸ் குக்கரைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் போனேன். அதன் வயர் பற்றைகளுக்குள் சிக்கிச் சிக்கி வந்தது.

"பிள்ளை, எந்த மரத்திலை பிளக் இருக்கெண்டு பாத்து வை," என்றார் அருள் அண்ணை.

இரண்டாவது ஏரியில் எங்கள் துடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. தேவதாருப் பிசின் மணமும் நுளம்பு கடிக்காமல் நாங்கள் பூசியிருந்த எண்ணெய் மணமும்தான். ஜெனி கனூவுக்குள் மல்லாந்து படுத்து, போனை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "ஒரு கோடும் இல்லை," என்று சிரித்தாள். "இஞ்சை ஒருத்தராலையும் என்னைக் கூப்பிடேலாது." அவளை அவ்வளவு இலேசாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் இல்லை.

அடுத்த நாள் காலை ரோல்ஸைக் குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தோம். எதிர்க்கரையில் கியூபெக் பிள்ளைகள் குழு ஒன்று, எல்லோரும் பிறந்ததிலிருந்தே துடுப்போடு வளர்ந்தவர்கள் போல. அப்போது ஒரு மோட்டார் படகுச் சத்தம் கேட்டது. பூங்காக் காவலரின் படகு. அதில் நின்றுகொண்டு யூட் அங்கிள்.

உட்காரச் சொல்லிக் காவலர் அவரின் சட்டையைப் பிடித்து இழுக்கிறார், அவர் உட்காரவில்லை. காலில் ஞாயிறு பூசைக்குப் போடும் கறுப்புச் சப்பாத்து. வெள்ளைச் சேர்ட்டுக்கு மேல் அவருக்குக் கொஞ்சமும் அளவில்லாத, பூங்காவின் லைஃப் ஜாக்கெட். கையில் சொப்பிங் பை.

"போஞ்ஜூர்," என்றார் காவலர் எங்களைப் பார்த்து. "நீங்கள் உயிரோடு இருப்பதை இவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம்."

எதிர்க்கரையில் சிரித்தார்கள். ஒருவன் விசிலும் அடித்தான். மிஸ்ட் கோல் வராததால் எங்கள் பெற்றோர் இரவு முழுக்க வீட்டுக்கு வீடு போன் அடித்து, விடியும்போது வான் வண்டிகளில் வந்து இறங்குதுறையில் நின்றார்களாம். படகில் ஓர் ஆளுக்குத்தான் இடம்.

யூட் அங்கிள் தண்ணீருக்குள் சப்பாத்தோடு இறங்கி வந்தார். எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தார். "சாப்பிட்டியளோ?" என்று பையை நீட்டினார். இடியப்பம், இன்னும் சூடு. அது எப்படிச் சூடாக இருந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஜெனி அவரின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளைக் கூட்டிப்போகப் போகிறாரா என்று காவலர் கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன். இன்னோர் இரவு மிச்சம் இருந்தது. அவள் போனால் மற்றப் பெண் பிள்ளைகளும் போக வேண்டியதுதான்.

"வாறியோ?" என்று கேட்டார்.

"இல்லைப்பா."

"சரி, நிண்டிட்டு வா." பிறகு காவலரிடம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "நோ(ன்), மெர்சி," என்றார். ஏறினார். இந்த முறை உட்கார்ந்தார்.

நியாயமாகப் பார்த்தால் நாங்கள் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு மிச்சப் பொழுது முழுக்க எதிர்க்கரைப் பக்கம் கனூவைத் திருப்பாமல் ஓட்டினோம்.

அடுத்த வசந்தத்தில் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது ஃபாதர் கேட்டார், "என்ன, இந்த வருசம் காம்ப் இல்லையோ?" அருள் அண்ணை என்னைப் பார்த்தார். நான் ஜெனியைப் பார்த்தேன்.

"அப்பா விடார், ஃபாதர்," என்றாள் ஜெனி.

யூட் அங்கிள் பின்னால் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார். கேட்டிருப்பார். அவரிடம் நாங்கள் கேட்கவே இல்லை. ஃபாதர் அவரைத் திரும்பிப் பார்த்தபோது அவர் மறுக்கவும் இல்லை, லேசாய்ச் சிரித்துவிட்டு அடுத்த கதிரையைத் தூக்கினார். ஜாக்கெட் அப்போதே அந்த ஆணியில் தொங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு அதுவே வரலாறாகிவிட்டது. எங்கள் பெற்றோர் விடவில்லை, அதனால் காம்ப் நின்றுபோனது. அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் இந்தக் கதையை நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கும் இடத்தை எழுந்து நடித்தும் காட்டியிருக்கிறேன். நல்ல வரவேற்பு இருந்தது. உண்மையில் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. அவர் திரும்பவும் வந்துவிடுவாரோ என்று வெட்கப்பட்டு நாங்களேதான் நிறுத்தினோம். அவர் வரத்தான் இருந்தார். அளவான ஜாக்கெட்டோடு.

குழு கலைந்துவிட்டது. அருள் அண்ணை கல்கரியில் இருக்கிறார், மண்டபத்தை வாரநாட்களில் கார்தெரி என்ற குழந்தைகள் காப்பகம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மிஸ்ட் கோல் கொடுக்கிறவரும் இல்லை. ஆள் எங்கே போகிறது என்று போன் வரைபடத்தில் ஒரு நீலப்புள்ளி நகர்ந்து காட்டிவிடுகிறது. அந்த ஏரியிலும் இப்போது சிக்னல் இருக்கிறதாம். ஜெனி படுத்துக்கிடந்து சிரித்த அந்தத் தண்ணீர் இனி எங்கும் கிடையாது.

டொலார்ட் வீடும் விற்றாயிற்று. ஜெனியின் அம்மா பேரப்பிள்ளையைப் பார்க்க முன்பே டொரொன்ரோவில் இருக்கும் ஜெனியிடம் போய்விட்டா, கோடை முடிய அங்கிளும் அங்கே போகிறார். வீடு ஒதுக்க வந்து அந்தப் படத்தை எடுத்து அனுப்பிய ஜெனி கைக்குழந்தையோடு திரும்பிவிட்டாள். அதனால் நான்தான் ஏரிக்குப் போவோமா என்று கேட்க அவருக்குப் போன் எடுத்தேன். நீளமாய் ஒரு மன்னிப்பு ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை.

"என்ன வள்ளம்? அண்டைக்கு நீங்கள் வைச்சிருந்ததோ?"

"ஓம் அங்கிள்."

"அது சும்மா ஆடும். நான் முன்னுக்கு இருக்கமாட்டன்."

"எங்கை வேணுமெண்டாலும் இருங்கோ."

"சண்டை நேரம் இந்தியாவுக்குப் போகேக்கை ஒருக்கா வள்ளத்திலை ஏறினது," என்றார். "கரையேறின சேதி வருமட்டும் அம்மா கோயிலடியிலையே கிடந்தவவாம். சரி, என்னத்தைக் கொண்டு வாறது? சாப்பாடு நான் பாக்கிறன்."

இந்தச் சனிக்கிழமை முதலில் லாஷீன் கால்வாயில் ஒரு சுற்று, இரண்டு கரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அது சரிவந்தால் அடுத்த வாரம் ஏரி. ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாராம், இப்போது வயிற்றடியில் கிளிப் பூட்டுப்படவில்லையாம். வாரை இளக்கித் தைத்துத் தருகிறேன் என்றிருக்கிறேன். தைக்க எனக்குத் தெரியாது, அது வேறு விஷயம்.

நேற்று ஜெனிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். திட்டம், பாதை, நீலப்புள்ளியை எப்படிப் பார்ப்பது, எல்லாம். அவள் வாசித்தது தெரிந்தது. பிறகு பதில் வந்தது.

"புள்ளி வேண்டாம். போய்ச் சேர்ந்த உடனை அப்பாவை ஒரு மிஸ்ட் கோல் குடுக்கச் சொல்லு. நான் எடுக்கமாட்டன்."