சருகுக் குவியலோடு பேசுகிறவள்

2023 டிசம்பர் 11 – ரூ. 500
2024 மார்ச் 4 – ரூ. 500
2024 ஆகஸ்ட் 19 – ரூ. 1,000

திறந்த வெளியில் குப்பை எரித்ததற்காக, அடையாறிலுள்ள எங்கள் குடியிருப்போர் சங்கம் கட்டிய அபராதங்கள் இவை. சங்கக் கணக்கை எழுதுகிறவன் நான். எரித்தவள், எங்கள் வளாகத்தைப் பெருக்கும் பொன்மணி.

பெருக்கி முடித்துச் சருகுகளைச் சுற்றுச்சுவர் ஓரம் குவித்ததும், துடைப்பக் கட்டையால் குவியலைத் தட்டுவாள். உள்ளே பூனைக்குட்டியோ ஓணானோ, எது படுத்திருந்தாலும் ஒரே மரியாதைதான். “யாராச்சும் கீறீங்களா உள்ள? எந்திரிச்சிப் போங்க நைனா, பத்த வைக்கப் போறேன்.” சற்று நேரம் காத்திருப்பாள். எதுவும் அசையாவிட்டால்தான் நெருப்பு.

ஐம்பது வயதிருக்கும். பெரும்பாக்கத்திலிருந்து முதல் பேருந்தில் வருவாள். முந்தானையைத் தூக்கிப் பிடித்துக் காற்றுப் பார்ப்பாள். இரண்டாம் மாடியில் மூச்சிரைப்பு உள்ள குழந்தை இருப்பதால், புகை அந்தப் பக்கம் போகும் நாளில் கொளுத்த மாட்டாள். சாம்பலில் இரண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்துவைத்து ஒன்றைத் தின்பாள். இன்னொன்று பேத்திக்கு.

எரிக்கக் கூடாது, சருகைத் தனியாகக் கட்டி வண்டியில் கொடுக்க வேண்டும் என்பது விதி. குப்பை வண்டிக்காரர்களோ சருகு மூட்டைக்கு வேறு வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாம் அபராதத்தின்போது மாநகராட்சி அதிகாரி அவளை அதட்டினார். அவள் அசரவில்லை. “வண்டியும் எடுக்க மாட்டேன்து, எலயும் உதுர்றத நிறுத்த மாட்டேன்து. நான் இன்னா, மரத்தாண்ட போயி லீவு போட்டுக்கோன்னா சொல்றது?” அதிகாரியே சிரித்துவிட்டார். ரசீதை மட்டும் கிழித்துக் கொடுத்தார்.

அதன் பிறகு சங்கச் செயலாளர் மதிவாணன் ஒரு வழி கண்டுபிடித்தார். அதிகாரிகள் வருவதற்கு முன், ஏழு மணிக்குள் கொளுத்தி முடித்துவிட வேண்டும். கொளுத்தச் சொல்லித் தினமும் பால்கனியிலிருந்து குரல் கொடுப்பார். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை என்று பிரித்துவைக்கச் சோம்பியவர்கள், எப்படியும் எரியத்தானே போகிறது என்று கையில் கிடைத்ததையெல்லாம் மேலிருந்து சருகில் வீசுவார்கள்.

2025 ஜனவரி 20 அன்று அப்படி விழுந்தது ஒரு கொசு மருந்து ஸ்பிரே டப்பா. பொன்மணி வழக்கம்போலத் தட்டினாள், கேட்டாள், காத்திருந்தாள். உயிருள்ளது என்றால் எழுந்து போயிருக்கும்.

லாரி டயர் வெடித்தது போன்ற சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முந்தானையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். அவள் சொன்ன முதல் வார்த்தையை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. “நெருப்ப அமுக்குங்க சார். செகரட்டரி சார் காரு பக்கத்துல கீது.”

இடது கண் போய்விட்டது.

மாநகராட்சி விளக்கம் கேட்டது. கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். எரிக்கச் சொல்லி எவரும் கூறியதில்லை, ஊழியர் தடையை மீறித் தாமாகவே எரித்தார் என்று ஒரு கடிதம் தயாராக இருந்தது. தினமும் மேலிருந்து குரல் கொடுத்தவர்கள் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். நான் மறுத்தேன். மதிவாணன் கொளுத்தச் சொன்ன நாட்களைத் தேதியோடு சொன்னேன். “சாருக்கு எல்லாம் தேதியோட ஞாபகம் இருக்கும். பிரச்சனையே அதான்” என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது. கண் போனவள் ஆஸ்பத்திரியில் கிடக்க, அந்த இடத்தில் மனிதர்களால் சிரிக்க முடிந்தது.

கடிதத்தின் அடியில் அவளும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால்தான் வேலை நிலைக்கும் என்று மதிவாணன் சொல்லியனுப்பினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய், போடாதே என்றேன். கட்டுப் போட்ட முகத்தைத் திருப்பி அமைதியாகக் கேட்டாள். “ஒத்தக் கண்ண வச்சிக்கினு வேற எங்க சார் போயி வேல கேப்பேன்? கொளுத்துனது நான்தானே. கொளுத்தச் சொன்னது யாருன்னு அவுங்களே மறந்துட்டாங்க.” நான் போவதற்கு முன்பே கையெழுத்தாகியிருந்தது.

மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். அதுவரை யாரும் பெருக்கவில்லை. அவள் கூட்டிச் சேர்த்த சருகு இடுப்புயரம் குவிந்தது. பெருக்கி நிமிர்ந்தபோது, நான் அவள் பக்கத்தில் நிற்க, மதிவாணன் மாநகராட்சிக் கடிதம் ஒன்றோடு கீழே வந்தார். தவறு ஊழியருடையது, அவரைச் சங்கம் எச்சரிக்க வேண்டும், சங்கத்தின் மீது நடவடிக்கை இல்லை, கோப்பு முடிக்கப்பட்டது. எங்கள் இருவருக்கும் சத்தமாகவே வாசித்துக் காட்டினார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, அதே மூச்சில், “சரி பொன்மணி, நாளைக்கு வீட்டுக்கு விருந்தாளிங்க வர்றாங்க. இத இன்னிக்கே கொளுத்தி முடிச்சிடு” என்றார்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று நான் திகைத்து நின்றேன்.

பொன்மணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, ஒரு குச்சியைப் பாதி வெளியே இழுத்து, அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் கையை மடக்கவும் இல்லை.

அந்தக் கடைசிக் கடிதம் வந்த தேதி, 2025 பிப்ரவரி 10.