குளத்தடியில் நான் சொன்ன பொய்

நான் பயந்த சுபாவக்காரன், அதை ஒளிக்கவில்லை. ஆனால் என் பயமெல்லாம் பாம்புக்கும் காட்டுத் தீக்கும் மாட்டுக் கள்ளருக்கும்தான். யாராவது பேய்க்கதை தொடங்கினால் வெட்டிப் பேச்சென்று எழுந்து போய்விடுவேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எதையும் நம்புவான் என்று நீங்கள் நினைக்கலாம், நினையுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அது வெள்ளைக்காரன் ஆண்ட நாளின் யுத்த காலம். சண்டிலிப்பாயில் எங்கள் புகையிலைத் தோட்டத்தில் பசளைக்குப் புதைக்க இலைகுழை வெட்டவென்று பளைப் பக்கத்துப் பற்றைக் காட்டுக்கு வண்டி கட்டினேன். இரண்டு மூன்று வண்டிகளாகப் போவதுதான் வழக்கம், கூட வர இருந்தவருக்குக் காய்ச்சல், அதனால் தனியே போனேன். மாடுகளோ அக்கா புருஷனுடையவை, களவு போனால் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற யோசனை வழி முழுக்க.

குழை வெட்டி ஏற்றித் திரும்புகிற வழியில், பொழுதுபட ஒரு சிறு குளத்தடியில் தங்கினேன். மிருகங்கள் தண்ணீருக்கு வரும் என்று கரையை விட்டுத் தள்ளியே வண்டியை அவிழ்த்தேன். சுற்றிவரச் சருகைக் கூட்டி ஒதுக்கி, குழி தோண்டி அதற்குள் நெருப்பு மூட்டி, மாடுகளை வண்டிச் சில்லில் கட்டினேன். பிறகு செய்ய ஒன்றுமில்லை. ஒரு மனிதக் குரல் கேட்காதா என்றிருந்தது.

கேட்டது. அக்கரையிலும் ஒரு வண்டி, ஒரு நெருப்பு.

“ஓய், தனியவோ?”

காட்டில் தனி என்று ஒத்துக்கொள்ளக் கூடாது, கள்ளனின் காதில் விழும். குழைக்குப் போகிற எல்லோரும் சொல்லுகிற பொய்யைத்தான் நானும் சொன்னேன்.

“இல்லை, மூண்டு பேர்.”

“ஓம், தெரியுது. மற்ற ரெண்டு பேரையும் ஏன் காணும் தள்ளி நிக்க விட்டிருக்கிறீர்? மூண்டு பேருக்கும் சோறு காணாதோ?”

திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை. நுகத்தில் இடப்பக்கம் பூட்டுகிற இடத்து மாடு அந்நிய ஆளைக் கண்டால் சீறும், அதுவும் படுத்தபடி அசைபோட்டது. மனிதன் பகிடி விடுகிறான் என்று எண்ணிக்கொண்டு, முதுகைச் சில்லோடு ஒட்டிக்கொண்டிருந்தேன், எப்போது கண்ணயர்ந்தேனோ தெரியாது.

விடிந்தபோது மாடுகள் நின்றன. சாம்பலில் தண்ணீர் ஊற்றி, சூடு இருக்கிறதா என்று கைவைத்துப் பார்த்து, குழியை மூடிவிட்டு அக்கரைக்குப் போனேன். மனிதரோடு கதைக்கிற ஆசைதான்.

“மற்றவை விடிய வெள்ளெனப் போயிட்டினமோ?” என்று சிரித்தார் அங்கிருந்த தடித்த மனிதர்.

“ஆர் அண்ணை? நான் தனியத்தான் வந்தனான். கள்ளருக்குப் பயந்து பொய் சொன்னனான்.”

அவர் சிரிப்பு நின்றது. “விசர்க் கதை கதையாதையும். விடியப்புறம் ரெண்டு கள்ளர் வந்து உம்மடை மாட்டை அவிட்டவங்கள். உம்மடை ஆக்கள்தான் கலைச்சுவிட்டவை. நீர் வாயைப் பிளந்துகொண்டு நித்திரை.”

“அண்ணை, கொடிகாமம் வரைக்கும் சேர்ந்து போவமோ?”

“வேண்டாம் தம்பி. நீர் போம். உமக்கென்ன, ஆக்கள் இருக்கினம்.” என் முகத்தைப் பார்க்காமலே மாட்டைப் பூட்டினார்.

திரும்பி வந்து பார்த்தேன். இடத்து மாட்டின் கயிற்றில் இருந்தது நான் போடுகிற முடிச்சில்லை.

நம்பினால் நம்புங்கள், இன்றைக்கும் வழியில் யாராவது “தனியவோ?” என்று கேட்டால் எனக்கு வாய் எழாது. ஓம் என்றால் அவர்கள் இருவரும் மனம் நோவார்களோ, இல்லை என்றால் வந்து நிற்பார்களோ.