பின்சக்கரத்துச் செங்கல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, அண்ணனூரில் சொந்த வீடு கட்டிக் குடிபோன முதல் மழைக்காலத்தில் நடந்தது இது. அப்பாவுக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை என்பதால் நான் வளர்ந்ததெல்லாம் ஆவடி குவார்ட்டர்ஸில்தான். சொந்த வீடு என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு முதல் பயம் வெள்ளம். ரோடு போடப் போடத் தெரு உயரும், வீடு பள்ளமாகும். அதனால் தரையை நாலடி தூக்கிக் கட்டினேன். தூக்கிய வீட்டுக்குள் கார் ஏற வேண்டுமே? கேட்டிலிருந்து தெருவுக்கு ஒரு ராம்ப் போட்டோம். இடம் பற்றாமல் அது செங்குத்தாக அமைந்தது. போதாததற்குத் தெருவுக்குள்ளும் இரண்டடி நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே இரண்டு ஸ்கூட்டர்கள் நிற்பதால் கார் எப்போதும் அந்தச் சரிவிலேயே மூக்கை மேலே தூக்கியபடி நிற்கும்.

சமதரையிலேயே கார் ஓட்டிப் பழகியவன் நான். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கிவிடுவேன். மேட்டில் நிறுத்தினால் கியரில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எதிர்வீட்டுக்காரர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப்போன பிறகு லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். ராம்ப் போட்ட வாரமே வந்து, "கொஞ்சம் உள்ள தள்ளி கட்டுங்க சார். என் வண்டி திரும்ப மாட்டேங்குது," என்றார். தெருவில் எல்லோரும்தானே நீட்டியிருக்கிறார்கள் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் ஆபீசுக்குக் காரைப் பின்னால் எடுத்தால் எதிலோ இடித்து நின்றது. இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல். தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போனேன். மறுநாள் காலையும் செங்கல், அதற்கடுத்த நாளும் செங்கல். அன்று சாயங்காலம் மாடியில் நின்று பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர்தான் குனிந்து வைத்துக்கொண்டிருந்தார்.

ராம்ப்புக்குப் பழி வாங்குகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். விறுவிறுவென்று இறங்கிப் போய், அந்தச் செங்கலை எடுத்து அவர் கேட்டுக்கு முன்னால் வீசினேன். "உள்ளூர்க்காரர்னா என்ன வேணா செய்வீங்களா? இன்னொரு தடவை வச்சா போலீசுக்குப் போவேன்," என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

அவர் செங்கலைக் குனிந்து எடுத்துக்கொண்டார். "இனிமே வெக்கல சார்," என்று மட்டும் சொன்னார்.

"ஏன் வைக்கிறாருன்னு கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி. அதை வேறு கேட்க வேண்டுமா என்று அவள் மேலும் எரிந்து விழுந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலை. அப்போது இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள், ஸ்கூல் வேனுக்காக ராம்ப்பின் கீழே நின்றிருந்தாள். நான் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தேன். யாரோ அலறுவதும், தொடர்ந்து மடார் என்ற சத்தமும் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் ராம்ப்பில் கார் இல்லை. எதிர்வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. என் மகள் ஓரமாக விழுந்து அழுதுகொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். காருக்குக் குறுக்கே பாய்ந்து அவளைத் தள்ளிவிட்ட எதிர்வீட்டுக்காரர் நடுத்தெருவில் இடது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சக்கரம் அவர் பாதத்தின் மேல் ஏறிப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில்தான் அவருடைய மனைவி சொன்னார். "ஒரு நாளு உங்க காரு தானா ஒரு சாண் கீழ எறங்குச்சு சார். அத பாத்துட்டுதான் டெய்லியும் செங்கல்லு வெச்சிகினு இருந்தாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றேன்.

படுக்கையிலிருந்து அவர் என்னைப் பார்த்தார். "சொன்னா, ராம்ப்ப இடிக்கத்தான் சாக்கு சொல்றேன்னு நெனப்பீங்க சார்." அப்படித்தான் நினைத்திருப்பேன். பிறகு, "பாப்பா எப்டி கீது?" என்று கேட்டார்.

ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்துபோயிருந்ததாக மெக்கானிக் சொன்னார். தளர்ந்த பிரேக்கோடு நின்ற காரைத் தாங்கிப் பிடித்தது அந்தச் செங்கல்தான். நான் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தேன், மன்னிப்பும் கேட்டேன். அதெல்லாம் ஒரு ஈடா? எலும்பு கூடினாலும் அவரால் கிளட்சை அழுத்த முடியவில்லை. லோடு வண்டியை விற்றுவிட்டு, சென்னீர்குப்பத்தில் ஒரு குடோனுக்குக் காவலாளியாகப் போகிறார். பார்த்தால் சிரிக்கிறார், மகளைக் கூப்பிட்டுப் பேசுகிறார். என்னிடம் இன்றுவரை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை.

ராம்ப்பை அந்த மாதமே இடித்து, கேட்டுக்கு உள்ளே தள்ளி, தாழ்வாகக் கட்டினேன். இப்போது எங்கள் தெருவில் ஒரு லோடு வண்டி தாராளமாகத் திரும்பலாம். தினமும் காலையில் காரை எடுக்கும்போது, லோடு வண்டி நிற்காத அவர் வாசலைப் பார்க்கிறேன். 'ஏன்?' என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது இன்னும் அங்கே நின்றிருக்கும்.